16 லட்சத்துக்கு என்ன கிடைத்தது?

என் மகள் 2020-ல் சேர்ந்து 2024-ல் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த நிகர்நிலைப் (டீம்டு) பல்கலைக்கழகத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய இதே கட்டணம், இதே மாதிரிக் கட்டடம், இதே விளம்பரத்தோடு தமிழ்நாட்டில் பல இருக்கின்றன. நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர் ராஜபாளையம். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். கல்விக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்குத்தான் வரும். வீட்டுக்காரருக்கு எலக்ட்ரிகல் கடை. மகன் ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் டிரிபிள் ஈ (எலக்ட்ரிகல்) கடைசி வருடம். ஒரே வீட்டில் இரண்டு விதமான கல்லூரியையும் பார்த்துவிட்டோம். ஊரில் மற்றவர்கள் எங்கே, எவ்வளவு கட்டுகிறார்கள், பிறகு எப்படி அடைக்கிறார்கள் என்பதை ஆபீசிலும் பார்க்கிறேன். மே மாதம் வந்தால் ஆளாளுக்கு என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு கட்டலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் பில். டியூஷன் ஃபீஸ் வருடத்துக்கு 2.75 லட்சம், நான்கு வருடத்துக்கு 11 லட்சம். விடுதியும் சாப்பாடும் சேர்த்து வருடத்துக்கு 1.3 லட்சம். முதல் வருடம் கொரோனாவால் வீட்டிலிருந்தே வகுப்பு என்பதால் விடுதிக்கு மூன்று வருடம்தான் கட்டினோம். அப்புறம் அட்மிஷன் கட்டணம், தேர்வுக் கட்டணம், லேப்டாப், யூனிஃபார்ம் கோட்டு, பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட், கடைசி வருடத்தில் "பிளேஸ்மென்ட் டிரெயினிங்" என்று தனியாக ஒரு தொகை. எல்லாம் சேர்த்து 16 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போனது. மாமனார் நிலம் விற்ற பணம் வங்கியில் இருந்தது, 5 லட்சம் கடன் வாங்கினோம், மிச்சம் சம்பளத்தில் சமாளித்தோம். சேரும்போது "அட்மிஷன் ஸ்காலர்ஷிப்" என்று முதல் வருடக் கட்டணத்தில் 25 சதவீதம் குறைப்பதாகக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், அது ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டுபவர்களுக்கு மட்டும். அடுத்த வருடங்களில் தொடர வேண்டுமானால் சி.ஜி.பி.ஏ. 8.5-க்குக் குறையக் கூடாது, ஒரு அரியரும் இருக்கக் கூடாது. நாங்கள் கடன் பணம் வருவதற்குக் காத்திருந்ததால் அந்தச் சலுகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவசரமாகப் பணம் கட்ட வைப்பதற்கான தள்ளுபடி அது, படிப்பில் கெட்டிக்காரர்களுக்கான உதவித்தொகை இல்லை. இந்த மாதிரிக் கடிதம் கையில் வந்தால் பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நன்றாக இருந்தது. பெண் பிள்ளையை வெளியூரில் விட்ட அம்மாவாக எனக்கு அந்த விடுதி கொடுத்த நிம்மதி பெரியது. வெளியே போக வேண்டுமென்றால் மகள் செயலியில் அவுட்பாஸ் போடுவாள். எனக்கு ஓ.டி.பி. வரும். நான் சொன்னால்தான் வார்டன் அனுமதிப்பார். இரவு எட்டரைக்குக் கைரேகை வைக்காவிட்டால் எட்டே முக்காலுக்கு என் போன் அடிக்கும். வார்டன் அம்மா தூத்துக்குடிக்காரர். ஒருமுறை மகளுக்கு டெங்கு என்று தெரிந்த இரவு, அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாங்கள் காலையில் போய் இறங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிளேட்லெட் எண்ணிக்கையை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கேட்டு எனக்குச் சொன்னார். இதற்கெல்லாம் ஃபீஸில் தனித் தலைப்பு கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் பெண்ணுக்கு இவ்வளவு பணம் கட்டச் சம்மதிப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

சாப்பாடு சுமார். காண்டிராக்ட் மெஸ். திங்கட்கிழமை பொங்கல், வெள்ளிக்கிழமை இட்லி என்று அட்டவணை நன்றாக இருக்கும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். அதோடு விடுகிறேன்.

இனி வகுப்பறை. இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். சி.எஸ்.இ.யில் மட்டும் ஏ, பி, சி என்று பிரிவுகள் நீண்டுகொண்டே போகும். மகளின் பிரிவில் எழுபது பேர். இரண்டாம் வருடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த ஆசிரியை, லேப்பில் கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒவ்வொருவரும் வெள்ளைத் தாளில் நிரலை எழுதிக் காட்ட வேண்டும் என்பார். லிங்க்டு லிஸ்டில் (ஒன்று அடுத்ததைக் காட்டும்படி கோத்த தகவல் சங்கிலி) நடுவிலிருக்கும் ஒன்றை எடுத்தால் எந்த அம்புக்குறி எங்கே மாறும் என்று பென்சிலால் போட்டுக் காட்டினால்தான் உள்ளே விடுவார். மகள் லீவில் வீட்டுக்கு வந்தபோது கடை பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் கட்டம் கட்டமாக அம்பு போட்டு வைத்திருந்தாள். வேலைக்கான நேர்காணலில் அவளிடம் கேட்டதும் அதுதான். அந்த ஆசிரியை ஒன்றரை வருடத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். மகள் படித்த நான்கு வருடத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த பலர் அப்படிப் பாதியில் மாறினார்கள். அதே எழுபது பேருக்குக் கம்பைலர் டிசைன் எடுத்தவர் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார், அவ்வளவுதான். கட்டடம், ஏ.சி., உணவகம், நீச்சல்குளம் எல்லாம் எல்லா நாளும் ஒரே தரத்தில் இருந்தன. ஆசிரியர் மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நாம் பணம் கட்டுவது அதற்குத்தானே?

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பல்கலைக்கழகங்கள் தாங்களே கேள்வித்தாள் போட்டு, தாங்களே திருத்துகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரிகளில் கணக்குப் பேப்பரில் அரியர் வைத்துத் தவிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இங்கே அந்த அளவுக்கு இல்லை. நேரத்துக்கு டிகிரி கையில் வந்துவிடும். இது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 8.9 சி.ஜி.பி.ஏ. வைத்திருந்தாலும் ஆன்லைன் தேர்வு ஒன்று வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

பிளேஸ்மென்ட்டுக்கு வருவோம். எல்லோரும் பணம் கட்டுவது இதற்காகத்தான். கல்லூரி வாசலில் இருக்கும் பெரிய பேனரில் ஒரு பையனின் படமும் அவன் வாங்கிய பல லட்சம் சம்பளமும் இருக்கும். அது பொய்யில்லை. அந்தப் பையன் மகளின் சீனியர், நிஜமாகவே கெட்டிக்காரன். ஆனால் அவன் ஒருவன். கீழே "இத்தனை ஆயிரம் ஆஃபர்கள்" என்று இருக்கும். ஆஃபர் எண்ணிக்கை வேறு, வேலை கிடைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை வேறு. ஒரு பெண் மூன்று ஆஃபர் வாங்கினால் பேனரில் மூன்று. ஆஃபர் வாங்கியவர்கள் எல்லோரும் உடனே வேலையில் சேர்ந்தார்களா என்பது அந்தப் பேனரில் வராது. 2022-ல் ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வரை காத்திருந்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளிலேயே வந்தது. என் மகளின் பேட்ச் தேர்வான 2023-24-ல் பெரிய ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸுக்கு வந்ததே குறைவு. அவளுக்கு வருடம் 3.6 லட்சத்துக்கு ஒரு ஆஃபர் கிடைத்தது. சேரச் சொல்லிக் கடிதம் வரப் பல மாதம் ஆனது. அந்த நாட்களில் தபால்காரரை விட அவள் மெயிலைத்தான் அதிகம் பார்த்தாள்.

சென்னையில் அவளோடு அதே நாளில், அதே சம்பளத்தில் சேர்ந்த பெண் ஒருத்தி எங்கள் மாவட்டத்துக்காரி. அரசு நடத்தும் கவுன்சலிங்கில் அவளுக்குக் கிடைத்தது உள்ளூர் சுயநிதிக் கல்லூரி. தமிழ்நாட்டில் 2017-ல் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்தபடி, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு கவுன்சலிங் மாணவர்களிடம் வருடத்துக்கு 55,000 ரூபாய் வரைதான் வாங்கலாம் என்று அப்போது இருந்தது. நான்கு வருடத்துக்கு 2.2 லட்சம். பஸ் கட்டணம், இதர கட்டணம் எல்லாம் போட்டாலும் எங்கள் பில்லில் கால்வாசி கூட வராது. அந்தப் பெண் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் 2010-லிருந்து இருக்கும் சலுகையும் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் இப்போது ஒரே பி.ஜி. விடுதியில், ஒரே அறையில் இருக்கிறார்கள்.

அதற்காக இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட மாட்டேன். வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால், பேச்சிலும் பழக்கத்திலும். என் மகள் வெளிமாநிலப் பிள்ளைகளோடு ஹேக்கத்தானுக்குப் போனாள், ஜெர்மன் மொழி இரண்டு நிலை முடித்தாள், மேடையில் ஏறி இங்கிலீஷில் பேசப் பயப்படுவதில்லை. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி பெங்களூரில் நல்ல கம்பெனியில் இருக்கிறாள், காலியிடம் வந்தால் இவள் பெயரைப் பரிந்துரைக்கிறாள். அந்த வழியில் போன மாதம் ஒரு நேர்காணல் நன்றாகப் போயிருக்கிறது. இந்தத் தொடர்புகளுக்கு விலை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 12 லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்துக்கான விலையா? கையில் சேமிப்பு இருக்கிற குடும்பத்துக்கு இருக்கலாம். கடனில் படிக்க வைக்கிற குடும்பத்துக்கு இல்லை. இதுதான் என் தீர்ப்பு, கணக்கைக் கீழே சொல்கிறேன்.

பேனரை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த கணக்கு இணையத்தில் கிடைக்கும், கல்லூரி வலைதளத்திலும் போட்டிருப்பார்கள். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு என்று மூன்று வருடத்துக்கு இருக்கும். மீடியன் என்றால், வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்கும் பிள்ளையின் சம்பளம். உங்கள் பிள்ளை அந்த நடுப்பிள்ளையாக இருந்தால் கடனை அடைக்க முடியுமா என்று பாருங்கள். இதில் இரண்டு குறை உண்டு: கல்லூரி தானே கொடுக்கும் கணக்கு இது, பாடப்பிரிவு வாரியாகவும் பிரித்துத் தர மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸும் சிவிலும் ஒன்றாகக் கலந்துதான் இருக்கும். இருந்தாலும் பேனரை விட எவ்வளவோ மேல்.

மகன் படிக்கும் அரசுக் கல்லூரியை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கட்ஆஃப் 200-க்கு 180-ஐ விடக் கொஞ்சம் மேல், கவுன்சலிங்கில் கிடைத்த இடம். கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான். விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகப் போட்டு, சாப்பிட்ட பிள்ளைகள் பங்கு போட்டுக் கட்டுவார்கள். மெஸ் செயலாளராக இருக்கும் மாணவனே அதிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவான். ஒரு செமஸ்டர் என் மகன் அந்தப் பொறுப்பில் இருந்தான். தக்காளி விலை ஏறினால் அவன் முகத்தில் தெரியும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் வித்தியாசம், பில் இல்லாமல் யாருக்கும் காசு கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவன் படித்தது அங்கேதான்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கப் போவதில்லை. கழிவறை மோசம். சில பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, கௌரவ விரிவுரையாளர்தான். லேப்பில் இருக்கும் மோட்டார்கள் என் வயதுக்கு இருக்கும். ஆனால் அந்த மோட்டாரைப் பிள்ளைகளே கழற்றி, சுற்று எண்ணி, மறுபடி பூட்டுகிறார்கள். லீவுக்கு வந்தால் அப்பா கடையில் வைண்டிங் வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறான். "இவனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததை விட இவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதிகம்" என்று வீட்டுக்காரர் போன மாதம் சொன்னார். அவனும் வேலைக்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறான், இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவன் தலையில் கடன் இல்லை. ஒரு வருடம் காத்திருந்து மேல்படிப்புக்கான கேட் (GATE) தேர்வோ, டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வோ எழுதலாம் என்று சொல்லும் சுதந்திரம் அவனுக்கு இருக்கிறது. மகளுக்கு அந்தக் காத்திருப்பு மாதங்களில் அது இல்லை.

இப்போது கடன் கணக்கு. வங்கி ஊழியர் பிள்ளைக்கு வட்டிச் சலுகை உண்டு, அதை விட்டுவிட்டு எல்லோருக்குமான கணக்கைச் சொல்கிறேன். 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்காமல் கல்விக் கடன் கொடுக்கிறோம். வருடா வருடம் சமமாக வாங்கினால், 10 சதவீத வட்டியில், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருட அவகாசமும் முடியும்போது சாதாரண வட்டி மட்டும் 2.62 லட்சம் சேர்ந்திருக்கும். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 10.12 லட்சம். பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 13,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் கட்டி முடிப்பது 16 லட்சம். பதினைந்து வருடம் என்றால் தவணை 10,900-க்குள் வரும், ஆனால் மொத்தம் 19.5 லட்சத்தைத் தாண்டும்.

3.6 லட்சம் சம்பளக்காரப் பிள்ளைக்கு மாதம் கையில் வருவது 25,000 பக்கம். சென்னையில் சாப்பாட்டோடு பி.ஜி. 9,000. தவணை 13,400. மிச்சத்தில் பஸ், போன், ஒரு சுடிதார், தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட். வீட்டுக்கு அனுப்ப எதுவும் இருக்காது. படித்து வந்து குடும்பத்தைத் தூக்கிவிடுவான் என்று நம்பிப் படிக்க வைத்தவர்கள் அந்தப் பெற்றோர். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் விலக்கு உண்டு என்று கல்லூரிக் கவுன்ட்டரில் சொல்வார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அது. அதோடு, 3.6 லட்சம் வாங்குபவருக்கு வரியே வராதபோது விலக்கு எதற்கு?

பெற்றோரும் இந்தக் கடனில் கூட்டுக் கடன்தாரர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தவணை தவறினால் பிள்ளையின் சிபில் ஸ்கோரோடு அப்பாவின் ஸ்கோரும் விழும். தங்கையின் படிப்புக்கோ, கடைக்கோ, வீட்டுக்கோ கடன் கேட்டு வரும்போதுதான் அது தெரியவரும். "மேடம், அது பையன் பேர்ல வாங்கின கடன்தானே?" என்று கேட்கும் அப்பாவுக்குப் பதில் சொல்வது என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

இதை விட மோசமானது டொனேஷன். மேனேஜ்மென்ட் கோட்டா இடத்துக்கு ரசீது இல்லாமல் வாங்கும் பணம். தமிழ்நாட்டில் 1992-லேயே இதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது, இருந்தும் நடக்கிறது. வங்கி, கல்லூரி எழுதிக் கொடுக்கும் கட்டண விவரத்துக்குத்தான் கடன் தரும். ரசீது இல்லாத பணத்துக்குத் தராது. ஆகவே அது நகையிலிருந்தும், நிலத்திலிருந்தும், கந்துவட்டியிலிருந்தும்தான் போகிறது. போன பிறகு எந்த இடத்திலும் கேட்க முடியாது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், ரசீது தர மாட்டேன் என்று சொல்லும் ஒரு ரூபாயைக் கூடக் கட்டாதீர்கள்.

மலிவாக இருந்தால் போதும் என்று எந்தச் சுயநிதிக் கல்லூரியிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் ஆபத்துதான். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆதாரங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் 55,000 ரூபாயும் அதிகம்தான். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. கவுன்சலிங்கில் சாய்ஸ் போடும் முன் அதைப் பாருங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் மட்டும் தேறும் கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இரண்டு வருடம் முன்பு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டும் ஒருவர் மகனோடு வந்தார். பையனுக்குக் கட்ஆஃப் 189. கன்சல்டன்ட் ஒருவர் மார்ச்சிலிருந்தே போன் போட்டு, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. படிப்புக்கு இடம் "பிளாக்" செய்யச் சொல்லியிருக்கிறார். 7.5 லட்சம் கடன் போதுமா என்று கேட்கத்தான் வந்தார்கள். பையன் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்தே. நான் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றிக் கன்சல்டன்ட் சொன்னாரா?" என்று கேட்டேன். அவருக்கு அது டாக்டர் படிப்புக்கு மட்டும் என்று நினைப்பு. 2021-லிருந்து பொறியியலுக்கும் உண்டு, அதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது என்று சொன்னபோது, அவர் என்னைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். பையன் இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் படிக்கிறான். எங்கள் கிளைக்கு ஒரு கல்விக் கடன் குறைந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இதே மாதிரி, மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் வந்தது. தரவரிசையில் முன்னால் இருக்கும் கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். சேர்ந்த பிறகு என்னிடம் வந்து கேட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் யார் கட்டலாம்? நான்கு வருடக் கட்டணத்தையும் சேமிப்பிலிருந்து கொடுத்து, அதற்குப் பிறகும் அடுத்த பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கையில் பணம் இருக்கும் குடும்பம் கட்டலாம். பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட துறையில் தீராத ஆர்வம் இருந்து, அந்தத் துறை ஆசிரியர்களும் ஆய்வகமும் அங்கேதான் சிறப்பாக இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்து, இரண்டாம் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டால் கட்டலாம். கேம்பஸைச் சுற்றிக் காட்டும் பி.ஆர்.ஓ.விடம் கேட்க வேண்டாம். வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். போன வருடம் பாடம் எடுத்த ஆசிரியர்கள் இந்த வருடமும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயருக்காகவும், "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும்" என்ற ஒரே பிடிவாதத்துக்காகவும், சொந்தக்காரர் பிள்ளை அங்கே படிக்கிறான் என்பதற்காகவும் முழுக் கடனில் சேர்க்க வேண்டாம். கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியில் டிரிபிள் ஈ, ஈ.சி.ஈ. கிடைக்கிற பிள்ளை அதில் சேர்ந்து, நிரலாக்கத்தைப் பக்கத்தில் கற்றுக்கொள்வது எவ்வளவோ நல்லது.

கடைசியாக, தேதி விஷயம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதத்திலேயே பணம் வாங்கிவிடுகின்றன. கவுன்சலிங் முடிய ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். எங்களுக்கு 2020-ல் கொரோனாவால் அக்டோபர் வரை தள்ளிப்போனது, காத்திருக்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் பெற்றோர் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பிறகு கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தால், "போனது போகட்டும்" என்று இங்கேயே இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஒவ்வொரு வருடமும் ஒரு தேதி அறிவிக்கிறது. அதற்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை முழுப் பணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் பிடித்தம் போக மிச்சம் என்று இருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் 2018-லிருந்து விதி இருக்கிறது. சேர்க்கை நாளில் அசலைக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், எந்தெந்தச் சான்றிதழ் என்று வரிசையாக எழுதி, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.